அழுகல மேடம்

எங்கள் வட்டாரத்து நர்ஸுகள் எல்லோருக்கும் அவர் ‘அழுகல மேடம்’தான். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை, நல்ல பெயரே இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே நானும் சொல்லப்போவதில்லை.

பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று, பிரசவம் பார்க்கும் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. அவரும் நர்ஸ்தான். எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். கையில் இருக்கும் கட்டைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு ரப்பர் பொம்மையை எடுப்பார். எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் வைப்பார். “ஏனுங்க சிஸ்டர், இப்பத்தான் பொறந்துச்சு. புள்ள அழுகலீங்க” என்பார். அதற்குப் பிறகு வாயே திறக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ‘அழுகலீங்க’தான் சுருங்கி ‘அழுகல’ ஆனது. அவருக்கு ஒட்டன்சத்திரத்துப் பக்கம். அப்பா மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தவர். பட்டப்பெயர் காதுக்கு எட்டியபோது மேடத்துக்குக் கோபம் வரவில்லை. எங்கப்பா காதுல போட்டுறாதீங்க, அழுகல்னு கேட்டாலே அவருக்குக் கேரளாவிலிருந்து சரக்கு கெட்டுத் திரும்பி வந்த தக்காளி லாரிதான் ஞாபகத்துக்கு வரும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் முழுசாக இருக்காது. பாதியில் நின்றுவிடும். அவருக்கு வேறு ஏதோ நினைவு வந்திருக்கும்.

முதல் முறை அவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வடமதுரை தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. நானும் ஆரோக்கியமேரியும் நர்ஸுகள் அறையில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். திண்டுக்கல் டவுன்காரி, ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதி மேரி கையில் விழுந்தவை. டாக்டரே சந்தேகம் வந்தால் மேரியின் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த ஒருத்தர், மேரியின் மடியில் துண்டுச் சுருள் ஒன்றை வைத்து, புள்ள அழுகலீங்க என்றார். ரோட்டில் ஏதோ ஆட்டோவில் பிறந்த குழந்தை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மேரி எழுந்த வேகத்தில் கருவாட்டுக் குழம்பு டப்பா கவிழ்ந்தது. பிரசவ அறைக்கு ஓடி மேசையில் கிடத்தித் துண்டை விலக்கிய பிறகுதான் அது பொம்மை என்று தெரிந்தது. மேரி திரும்பி அவரைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பொம்மையைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், தலையைச் சரியாக வைத்தார், பிறகு மூச்சு கொடுக்கிற பைக்காகக் கையை நீட்டினார்.

பை அங்கே இல்லை. கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. சாவி மருந்து கொடுக்கிறவரிடம். அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் ஆயா பேச்சியம்மா ஓடிப்போய்ச் சாவியை வாங்கிவந்து திறந்தபோது, அந்தப் பை வந்த நாளில் இருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பளபளவென்று இருந்தது. மேடம் அதை வாங்கி உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பொம்மையின் முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்கினார். பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கியது. ‘இது உசுரோட இருந்திருந்தா இந்நேரம்’ என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். சின்ன வயதுக்காரர், சாது. ஆஸ்பத்திரிச் சாமான், கெட்டுப்போகாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டிவைத்ததாக அவர் விளக்கினார்.

“யாருக்காகங்க சார் பத்திரமா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் அந்த அம்மா.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலத்தான் கேட்டார். அன்று சாயங்காலமே டாக்டர் பிரசவ அறைச் சுவரில், குழந்தை மேசைக்குப் பக்கத்தில், ஆணி அடிக்க வைத்தார். பை அதில் தொங்கியது. மேரிக்கு மட்டும் ஆறவில்லை. கடிகாரத்தைப் பார்க்க வந்துட்டா, நம்ம குழம்பு போனதுக்கு யாரு பதில் சொல்றது என்று முணுமுணுத்தார். அடுத்த தடவை வரும்போது அவர் டவுனிலிருந்து எங்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கிவந்தார். நாங்கள் சாப்பிட்டோம். அவர் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே நாங்கள் எப்போது சாப்பிட்டு முடிப்போம் என்று பார்த்தார்.

அவருடைய உலகம் முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கியது. பெரும்பாலான குழந்தைகள் தானாகவே அழுதுவிடும். சிலது அழாது. அதில் துடைத்து முதுகைத் தேய்த்தால் சிலது அழும். அதற்கும் அசையாத குழந்தைக்கு, பிறந்த முதல் நிமிஷத்துக்குள் நாம் மூச்சு கொடுக்க ஆரம்பித்தாக வேண்டும். தலைகீழாகத் தூக்குவது, முதுகில் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் அந்த நிமிஷத்தைத் தின்றுவிடும் என்பார். இதில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எல்லோரும் படித்திருந்தோம். “படிச்சது தலையில இருக்குங்க. கை மறந்துரும்” என்பது அவர் வாதம். மாசத்துக்கு ஒரு குழந்தைகூட அப்படிப் பிறக்காத இடத்தில் கைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அதனால்தான் பொம்மை. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வருவது.

அவருடைய கையோ ஒருபோதும் மறக்கிற கையாக இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டு வருவார். கம்பியைப் பிடித்திருக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைப் பிடிக்கிற வளையமாக மடங்கியிருக்கும். டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார். நாங்கள் ஒருமுறை டவுனில் ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தோம். எண்ணெயில் பூரி உப்புவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “நெஞ்சு ஏறுதுங்களா?” என்று தன்னை அறியாமல் கேட்டார். கரண்டியோடு நின்ற மாஸ்டர் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். மேரி அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

இன்னொரு நாள் நடந்ததை அவரே வந்து சொன்னார். காந்திகிராமம் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில் தண்ணீர் குடிக்க ஸ்கூட்டியை நிறுத்தியிருக்கிறார். முன்னால் மாட்டியிருந்த கட்டைப்பையிலிருந்து பொம்மையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பிள்ளை பிடிக்கிறவள் என்று வளைத்துக்கொண்டார்கள். போலீஸுக்கும் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து சேர்ந்தபோது இவர் சிமெண்டுப் பெஞ்சில் துண்டை விரித்து, வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் முதலில் எதைச் செய்யக் கூடாது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பொம்மை போலீஸ்காரர் கையில் இருந்திருக்கிறது. அந்த ஆள் துடைச்ச துடைப்பு இருக்குதுங்களே, ரைஃபிளைத் துடைக்கிற மாதிரி என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

இப்படி ஓடுகிற மனுஷிக்குப் பின்னால் ஏதாவது துக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம். பேச்சியம்மாதான் பட்டென்று கேட்டது.

“ஏத்தா, ஒனக்கு எதுவும் புள்ள தவறிப்போச்சா?”

“எனக்குக் கல்யாணமே ஆகலீங்க ஆயா” என்றார். பேச்சியம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் நின்று சொன்னார். முன்பு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பச்சைக்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தாராம். சுற்றுக் கிராமங்களிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவருவார்கள். பிறந்ததும் அழவில்லை, ரொம்ப நேரம் கழித்துத்தான் மூச்சு வந்தது என்பார்கள். உயிர் இருக்கும். ஆனால் வலிப்பு வந்துகொண்டிருக்கும். பால் உறிஞ்சத் தெரியாது. எத்தனை மெஷின் வைத்தாலும், போனது திரும்பாது. “நான் தடுக்க வேண்டியது எதுவோ அது நடந்து முடிஞ்ச பிறகுதானுங்க எங்கிட்டயே வருது. அங்க உட்கார்ந்துட்டு நான் என்ன பண்றது? அதான் அதுக பொறக்கிற எடத்துக்கே வந்துட்டேன்.”

அவ்வளவுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது. அதைச் சொல்லும்போதும் கட்டைப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பயமாகவும் இருந்தது. அவர் போன பிறகும் அறையில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். வீட்டில் குக்கர் விசில் வரத் தாமதமானால்கூட என் கை எதையோ தேடும். இந்த அம்மா நம்மையும் பைத்தியமாக்கிவிடுவார் என்று மேரி சொல்வார். ஆனால் மேரியின் கையும் மாறியிருந்தது. பொம்மையை வைத்தால் ஒரே மூச்சில் செய்து முடிப்பார். இடையில் ஒரு நிஜக் குழந்தையும் அப்படிப் பிழைத்தது. அன்று மேரியே அவருக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.

பிறகு ஒருநாள் தக்காளித் தோட்டத்துக் கூலிப்பெண் ஒருத்தி வந்தாள். வேலைக்குப் போன இடத்தில் வலி கண்டு, ஆட்டோவில் வந்து இறங்கினாள். வரும்போதே வயிற்றில் குழந்தையின் துடிப்பு மிகவும் தேய்ந்திருந்தது. வேறு இடத்துக்கு அனுப்ப அவகாசம் இல்லை. மேரிதான் பிரசவம் பார்த்தார். குழந்தை துவண்டு வந்தது. மேரி செய்ததில் ஒரு குறை இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன். துடைத்தார், தேய்த்தார், பையை எடுத்தார், நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. டாக்டர் வந்து நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வந்ததும் மேரி பையை விடாமல் அமுக்கியபடியே அதில் ஏறிக்கொண்டார். திண்டுக்கல் போய்ச் சேருகிறவரை அமுக்கியிருக்கிறார். அங்கே இருந்தவர்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக அவர் கையை எடுத்துவிட்டார்கள்.

மேரி பஸ்ஸில் திரும்பிவந்தார். கவுனில் கறை இருந்தது. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாளாம். அதை மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு, நர்ஸுகள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மேடத்துக்கு நான்தான் தகவல் சொன்னேன். குழந்தை அழாத பிரசவம் எது நடந்தாலும் தனக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் எல்லோரிடமும் வாங்கிவைத்திருந்த வாக்கு. வெயிலில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். முகம் எல்லாம் புழுதி. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்தார். மேரியின் எதிரில் நின்று, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மேரி சொன்னார். எல்லாம் சரிதானுங்க அக்கா, ஒண்ணுகூடத் தப்பில்லை என்றார் அவர். அத்தோடு விட்டிருக்கலாம். கட்டைப்பைக்குள் கையை விட்டுப் பொம்மையை எடுத்தார். மேரியின் மடியில் வைத்தார்.

“அக்கா, ஒரே ஒரு தடவை.”

மேரி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை.

“இப்பச் செஞ்சுடுங்க அக்கா. இன்னைக்கு விட்டா உங்க கை அப்புறம் அதுக்கிட்டப் போகாது.”

நீங்க மனுஷியா என்று கேட்டேன். அவங்க ஒரு பிள்ளையை இப்பத்தான் பறிகொடுத்துட்டு வந்திருக்காங்க, வெளிய போங்க என்றேன். அவர் போகவில்லை. மேரிதான் எழுந்தார். பொம்மையை, நிஜக் குழந்தையைப் போலவே தலைக்குக் கை கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் கிடத்திவிட்டு வெளியே போனார்.

மறுநாளிலிருந்து மேரி பிரசவ அறைக்குள் வரவில்லை. டாக்டரிடம் சொல்லி ஊசி போடுகிற இடத்துக்கு மாற்றிக்கொண்டார். சண்டை எதுவும் இல்லை. புலம்பலும் இல்லை. முதியோருக்குச் சர்க்கரை பார்ப்பார், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவார், மணியானால் கிளம்பிவிடுவார். உள்ளே பெண்கள் வலியில் கத்தும்போது மட்டும் அவர் பக்கத்துக் கதவு சாத்தப்படும். ஆணியில் தொங்கிய பையை நான்தான் கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒருமுறை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். இனிமேல் இதுதான் சார் எனக்கு என்று மேரி சொல்லிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளை எடுத்த கை அது. அதை நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை.

மேடமோ வருவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாக வந்தார். ஆனால் உள்ளே வர மாட்டார். வேப்பமரத்துக்கும் வாசலுக்கும் இடையில் நடப்பார். ஊசி போடுகிற அறையின் ஜன்னல் பக்கம் வந்ததும் நடை மெதுவாகும். மேரி நிமிர்ந்தே பார்க்க மாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். பேச்சியம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. அந்தப் புள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடுங்கம்மா என்று எங்களிடம் வந்து நிற்கும்.

ஒருநாள் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கோபம் அதற்குள் தணிந்திருந்தது. அவர் மெலிந்திருந்தார்.

“நான் தப்புப் பண்ணிட்டனுங்களா அக்கா?” என்றார்.

அவராகவே பேசினார். “எல்லாத்தையுமே ஒரு நிமிஷத்துக்குள்ளன்னு நெனச்சே பழகிப்போச்சுங்க. விட்டா கெட்டுப்போயிரும்னு. மேரியக்காவையும் அப்படித்தான் நெனச்சுட்டேன். பெரிய மனுஷங்களுக்கு ஒரு நிமிஷம் பத்தாதுங்கள்ல.”

“அப்போ காத்திருங்க” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதுங்க அக்கா. எப்படீன்னு யாரும் சொல்லித் தரல” என்றார். வேப்பமரத்தின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு காலை. கூட வேலை பார்க்கிற இன்னொரு நர்ஸ் விடுப்பு. டாக்டர் பக்கத்து ஊர் முகாமுக்குப் போயிருந்தார். பாண்டிச்செல்வி என்கிற பெண்ணுக்கு வலி வந்திருந்தது. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். தலைப்பிரசவம், ஆனால் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில்தான் இழுத்தது. குழந்தை வந்தபோது கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. எடுத்துவிட்டேன். கை கால் துவண்டு தொங்கின. துடைத்தேன், தேய்த்தேன். ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் பாண்டிச்செல்விக்கு ரத்தம் பெருக ஆரம்பித்தது. வயிற்றை அமுக்கிப் பிசைந்தால்தான் அது நிற்கும்; ஒரு கையை அவள் வயிற்றிலிருந்து எடுக்க முடியாது. கொடியை வெட்டிக் குழந்தையைப் பேச்சியம்மாவிடம் கொடுத்து மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, மேரீ என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தியது எனக்கே கேட்டது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். அவர் வேப்பமரத்தடியிலிருந்து, மேரி ஊசி அறையிலிருந்து. வாசலில் இருவரும் மோதிக்கொண்டதைப் பார்த்தேன். அவர் சின்ன வயசு, வேகம்; மேசைக்கு முதலில் போனது அவர்தான். ஆணியில் இருந்த பையில் அவர் விரல் பட்டதை நான் பார்த்தேன். பிறகு அந்தக் கை பின்வாங்கியது. ஒரு எட்டுப் பின்னால் வைத்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மேசைக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. மேரி அவரைப் பார்த்தார். அவர் மேரியைப் பார்க்கவில்லை. குழந்தையை மட்டும் பார்த்தார்.

அந்த நொடியைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். மேரி அசையாமல் நின்றிருந்தால்? கை எழவில்லை என்றால்? அப்படி ஆகியிருந்தால் அவர் பாய்ந்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் அடுத்தவள் பெற்ற குழந்தையை மேசையில் வைத்துக்கொண்டு பின்னால் நகர அவருக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சில நாள் அது சரி என்று தோன்றுகிறது. சில நாள் அவர் மேல் கோபம் வருகிறது.

மேரி நிற்கவில்லை. பையை எடுத்தார். குழந்தையின் தலையைச் சரித்து மாஸ்க்கை வைத்து அமுக்கினார். நெஞ்சு ஏறவில்லை. மறுபடி அமுக்கினார். ஏறவில்லை. நான் பாண்டிச்செல்வியின் வயிற்றைப் பிசைந்துகொண்டே சுவரோரம் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டைக் கடித்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு எல்லாம் தெரியும். சொல்லவில்லை. மேரியே மாஸ்க்கை எடுத்தார். குழந்தையின் வாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தார். தாடையைக் கொஞ்சம் தூக்கி, தலையைத் திரும்ப வைத்து, மாஸ்க்கை அழுத்தினார். இந்த முறை அந்தச் சின்ன நெஞ்சு எழுந்தது. மேரி வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார், ஊது, விடு, விடு, ஊது, விடு, விடு. பூசையில் முணுமுணுக்கிற அதே குரல். நீலம் மெல்ல விலகியது. விரல் ஒன்று மடங்கியது. பிறகு முகம் சுருங்கி, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அடுத்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

பாண்டிச்செல்வி தலையைத் தூக்கி, “எம்புள்ளையா?” என்றாள். ஆமாத்தா, ஒம்புள்ளதான் என்றது பேச்சியம்மா. அவளுக்கு ரத்தமும் நின்றிருந்தது.

மேரி பையை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். சுவரோரம் யாரும் இல்லை. வெளியே ஸ்கூட்டி கிளம்புகிற சத்தமும் கேட்கவில்லை. நான் எல்லாம் முடித்துவிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோது, அவர் கைப்பம்புக்குப் பக்கத்தில் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். மேரி பம்பை அடித்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை.

அடுத்த வாரம் மேரி பிரசவ அறைக்குத் திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் மேடத்தை வடக்கே வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் குழந்தைகள் அழாமல் பிறக்கத்தானே செய்யும். சொல்லிக்கொள்ள வந்தவர் எங்களுக்கு வாங்கிவந்த டீயை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. பேச்சியம்மா அவர் தாடையைத் தொட்டு, காலாகாலத்துல சாப்புடுத்தா என்றது. மேரி வாசல் வரை போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸ் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன். ஃபோன் செய்தால் எடுப்பார். ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நிற்க மாட்டார்.

பாண்டிச்செல்வி குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வந்தது அவர் போன பிறகு. மாமியாரும் கூட வந்திருந்தார். குழந்தை நன்றாகத் தேறி, கழுத்தில் மடிப்பு விழுந்து, ஊசிக்கு எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தியது. பாண்டிச்செல்வி ஒரு பாலிதீன் பையில் தோட்டத்து மல்லிகையைத் தொடுத்துக் கொண்டுவந்திருந்தாள். மேரிக்குப் பெரிய சரமாக ஒன்று. எனக்கு ஒன்று. பேச்சியம்மாவுக்கு ஒன்று. அப்புறமும் கையில் ஒரு சரம் மிச்சம் இருந்தது. யாரையோ தேடுகிறவள் போல அறைக்குள்ளும் வாசலிலும் பார்த்தாள்.

“அன்னைக்குச் செவுத்தோரமா ஒரு அக்கா நின்னாகள்ல, கையப் பின்னால கட்டிக்கிட்டு? மூஞ்சியெல்லாம் வெளிறிப்போயி? அவுகளுக்கும்தான் கொண்டாந்தேன். பாவம், இதெல்லாம் பார்த்துப் பழக்கமில்ல போல.”

நான் மேரியைப் பார்த்தேன். மேரி அந்தச் சரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஆமாம்மா” என்றார். “அப்படி நிக்கிறது அவங்களுக்குப் புதுசு.”